ரெயின்போ மீன் வளர்ப்பு: தொட்டி வாங்குவது முதல் குஞ்சு பொரிப்பது வரை

ரெயின்போ மீன் வாங்கிய பலரும் சில மாதங்கள் கழித்துச் சொல்லும் குறை ஒன்றுதான்: “படத்தில் பார்த்த நிறம் வரவே இல்லை.” பெரும்பாலும் மீன் மேல் தப்பிருக்காது. தொட்டியின் நீளம் குறைவாக இருக்கும், கூட்டம் போதாது, தண்ணீர் ஒத்துவராது, இல்லையென்றால் மீனுக்கு இன்னும் வயது வந்திருக்காது. முதல் மூன்றையும் மீன் வாங்குவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மீன் ஏழாவது படியில் வருகிறது. வரிசையை மாற்றாமல் போனால் பாதித் தொல்லை குறையும்.

முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியவை: தொட்டி, முழுமூடி, ஃபில்டர், ஹீட்டர், வெப்பமானி, ஏர் பம்ப், குளோரின் நீக்கி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), கடினத்தன்மை (கரைந்திருக்கும் தாது உப்பின் அளவு) ஆகிய ஐந்தையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட், அப்புறம் புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்க ஒரு சின்னத் தனித்தொட்டி. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

1. எந்த இனம் என்று முடிவு செய்யுங்கள்

தொட்டியின் அளவு, தண்ணீர், கூட வைக்கும் மீன் எல்லாம் இனத்தைப் பொறுத்தே மாறும். ரெயின்போ என்ற ஒரே பெயரில் 4 செ.மீ. மீனும் இருக்கிறது, 15 செ.மீ. மீனும் இருக்கிறது.

பெரிய வகையில் அதிகம் கிடைப்பவை மூன்று. போஸ்மனி: முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு, 10 செ.மீ. வரை வளரும். டர்காய்ஸ்: முதுகு அடர்நீலம், வயிறு வெள்ளி, ஏறக்குறைய அதே அளவு. சிவப்பு ரெயின்போ: வளர்ந்த ஆண் உடம்பு முழுக்கச் சிவந்து, முதுகு உயர்ந்து, 15 செ.மீ. வரை போகும்.

சின்ன வகையில் நியான் குள்ள ரெயின்போ 6 செ.மீ. அளவில் நின்றுவிடும். முதல்முறை வளர்ப்பவர்களிடம் பெரிய தொட்டிக்கு இடமில்லை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நூல்துடுப்பு ரெயின்போவும் நீலக்கண் மீன்களும் இதைவிடச் சின்னவை. அழகுதான், ஆனால் வாய் மிகச் சிறிது, சுபாவமும் சாது. பெரிய ரெயின்போக்களோடு போட்டால் சாப்பாடு கிடைக்காமல் மெலிந்துபோகும். அவற்றுக்குத் தனித் தொட்டியே வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. போஸ்மனியில் இரண்டு, டர்காய்ஸில் இரண்டு, சிவப்பில் இரண்டு என்று கலந்து வாங்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் இனத்தின் கூட்டத்தில் இருந்தால்தான் ஆண் நிறம் காட்டும். தவிர, நெருங்கிய இனங்கள் தமக்குள் கலப்பு முட்டையும் இடும்.

2. உயரத்தைவிட நீளம் முக்கியம்

இவை ஓயாமல் நீந்தும் மீன்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விர்ரென்று போய்த் திரும்பும். நீளம் போதாத தொட்டியில் ஆண்கள் ஒன்றையொன்று துரத்தும்போது தப்பிக்க இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும். அந்தக் காயத்தில்தான் பல நோய்கள் தொடங்குகின்றன.

பெரிய வகைக்கு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். இது ஏறக்குறைய 240 லிட்டர். குள்ள ரெயின்போவுக்கு 75 முதல் 90 செ.மீ. நீளம் போதும். “இப்போது குட்டிதானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்பவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

240 லிட்டர் தொட்டி தண்ணீர், மணல், கண்ணாடி, ஸ்டாண்டோடு சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய பிறகு சாய்வு தெரிந்தால் முழுக்கக் காலி செய்யாமல் சரிசெய்ய முடியாது.

மூடியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரெயின்போக்கள் தாவும், அதுவும் புதிதாக விட்ட முதல் சில நாட்களில், இருட்டில், வலை உள்ளே இறங்கும்போது. மூடி இருந்தும் மீன் வெளியே விழுவது ஃபில்டர் குழாய்க்காக வெட்டிவிட்ட மூலையின் வழியாகத்தான். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூட ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள்.

3. தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. “சுத்தமான தண்ணீர் கொடுக்கிறேன்” என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவார்கள். போஸ்மனி நியூ கினி தீவின் மேற்குப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை நிறைந்த அயமாரு ஏரிகளைச் சேர்ந்தது. சிவப்பு ரெயின்போ அதே தீவின் சென்டானி ஏரி, டர்காய்ஸ் பாப்புவா நியூ கினியின் குட்டுபு ஏரி. இவற்றுக்குத் தாது உப்பு உள்ள, கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் ஒத்துப்போகும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. பிஎச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாததால் அது திடீரென்று சரியும்.

பெரிய வகைகளுக்கும் குள்ள ரெயின்போவுக்கும் பிஎச் 7 முதல் 8, பொதுக் கடினத்தன்மை 8 முதல் 20 டிகிரி, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். உங்கள் தண்ணீர் இதற்குள் இருந்தால் எதையும் தொடாதீர்கள். 7.8 இருப்பதை 7.2 ஆக்க மருந்து ஊற்றுவது வீண். மாறாத 7.8, நாளுக்கு நாள் ஏறி இறங்கும் 7.2-ஐவிட எவ்வளவோ மேல்.

தண்ணீர் மிகவும் மென்மையாக இருந்தால் உடைத்த பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையைத் தாங்கும். கொஞ்சமாகத் தொடங்கி, ஒரு வாரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள். நூல்துடுப்பு ரெயின்போவும் சில நீலக்கண் வகைகளும் மென்மையான தண்ணீரில் நன்றாகவே இருக்கும். அவற்றுக்கு இந்த வேலை தேவையில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சில இடங்களில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கிறார்கள். குளோரினை ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. சாதாரணக் குளோரின் நீக்கியான வெறும் சோடியம் தயோசல்பேட் குளோரமினை உடைத்தாலும் அதிலுள்ள அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். எது கலந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் இரண்டையும் சமாளிக்கும் நீக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

4. மணல், செடி, வெளிச்சம்

தரையும் பின்பக்கமும் அடர்நிறத்தில் இருக்கட்டும். வெள்ளை மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்; மீன் அதற்கேற்ப உடம்பை வெளுக்கவைக்கும். அதே மீனைக் கறுப்பு மணலுக்கு மாற்றினால் சில நாட்களிலேயே நிறம் இறுகுவது தெரியும். மணலை ஒரு வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை கழுவிய பிறகே கொட்டுங்கள்.

செடிகளைப் பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் நட்டு நடுவைக் காலியாக விடுங்கள். வாலிஸ்நேரியா கடினத் தண்ணீரில் நன்றாகப் படரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டினால் போதும். கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கூர்மையான கற்களைத் தவிர்த்துவிடுங்கள்.

விளக்கைத் தொட்டியின் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள். இவற்றின் செதில் மினுமினுப்பு, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் தெரிவது. விளக்கு பின்னால் இருந்தால் நீங்கள் பார்க்கும் பக்கம் நிழலாகிவிடும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். இருட்டு அறையில் சட்டென்று தொட்டி விளக்கைப் போடாதீர்கள். கூட்டமே மிரண்டு கண்ணாடியில் மோதும். முதலில் அறை விளக்கு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

ஃபில்டர் மணிக்குத் தொட்டித் தண்ணீரை நான்கைந்து முறை சுழற்றினால் நல்லது. வெளியேறும் குழாயை நீளவாக்கில் திருப்பி வையுங்கள். மீன்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்த விரும்பும். மேற்பரப்பும் கலங்க வேண்டும்; வெப்பம் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ரெயின்போக்களுக்கு ஆக்சிஜன் தேவையோ அதிகம்.

5. மீன் விடாமல் தொட்டியைப் பழக்குங்கள்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டரில் வளரும் ஒரு பாக்டீரியாக் கூட்டம் அதை நைட்ரைட்டாகவும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை. மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்தப் பாக்டீரியா வளரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

ரெயின்போக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச் ஏற ஏறக் கூடும். 6.5-இல் தாங்கக்கூடிய அளவு 8-இல் செவுளைச் சுட்டுவிடும்.

வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசலை, டெஸ்ட் கிட் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) காட்டும் அளவுக்குச் சேருங்கள். ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளங்கள். அம்மோனியா இறங்கியதும் மறுபடி 2 பிபிஎம் வரை சேருங்கள். நடுவில் நைட்ரைட் எகிறும், பல நாள் அப்படியே நிற்கும். பயப்பட வேண்டாம், இரண்டாவது பாக்டீரியா வளர நேரமெடுக்கிறது, அவ்வளவுதான்.

சேர்த்த 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் நன்றாகச் சுருங்கும். ஓட விட்ட மூன்றாம் நாளே “தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே” என்று மீன் வாங்கப் போவார்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

தனித்தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் இதே தொட்டியில் போட்டு ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாகப் பழகிவிடும்.

6. கூட இருக்கப்போவது யார்?

கோரிடோராஸ், பிரிசில்நோஸ், சாதுவான லோச் போன்ற அடித்தட்டு மீன்கள் நன்றாகப் பொருந்தும். ரெயின்போக்கள் நடுவிலும் மேலும் இருப்பதால் போட்டி குறைவு. கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், வேண்டாம். முரட்டு சிக்லிட் வேண்டவே வேண்டாம். மெதுவாகச் சாப்பிடும், துடுப்பு நீண்ட மீன்களையும் தவிர்க்கலாம். ரெயின்போக்கள் கடிப்பது அரிது, ஆனால் மற்றவை திரும்புவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும். இறால் குஞ்சுகள் இவற்றுக்குத் தீனி.

7. மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் 4, 5 செ.மீ. குட்டிகள். வெள்ளியாக, ஒன்றுபோல் தெரியும். பெரிய வகைகளில் ஆணின் முழு நிறம் வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அந்த வயதிலேயே கொழுந்துவிட்டு எரியும் நிறத்தில் ஒரு குட்டியைக் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நிறத்துக்குப் பதில் உடம்பைப் பாருங்கள். முதுகெலும்பு நேராக இருக்கிறதா? வயிறு ஒட்டிப்போயிருக்கிறதா? வாயைச் சுற்றி வெள்ளை தெரிகிறதா? கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா? ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது குடல்புழு. தொட்டியில் ஒரு மீனுக்கு இப்படி இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள்; நல்ல ரெயின்போ ஓடிவரும்.

குறைந்தது ஆறு, முடிந்தால் எட்டு. ஒரு ஆணுக்கு ஒன்று அல்லது இரண்டு பெண் இருந்தால் நல்லது. குட்டியில் பிரித்தறிவது கடினம். கொஞ்சம் வளர்ந்தவற்றில் ஆணின் உடம்பு பட்டையாக, முதுகுத் துடுப்பு நீண்டு கூராக இருக்கும். குள்ள ரெயின்போவில் இன்னும் சுலபம்: ஆணுக்குத் துடுப்பு சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் அல்லது வெளிர் ஆரஞ்சு. பெண்கள் மங்கலாக இருக்கிறார்கள் என்று ஆண்களை மட்டும் வாங்கினால் காலை வேளையின் ஆட்டம் பாதியாகிவிடும். விடிந்து வெளிச்சம் பட்டதும் ஆண் பெண்ணுக்குக் குறுக்கே வந்து நின்று, எல்லாத் துடுப்பையும் விரித்து நடுங்கும். மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு வரை ஒரு கோடு பளீரென்று தோன்றி அடுத்த நொடி மறையும். அது பெண்ணுக்காக நடப்பது.

8. கொண்டுவந்ததும் முதலில் தனித்தொட்டி

50 லிட்டர் அளவில் ஒரு தொட்டி, பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மூடி, ஒளிந்துகொள்ள ஒரு செடி. மணல் வேண்டாம். குட்டிகளை நான்கு வாரம் இங்கே வைத்துப் பாருங்கள்.

பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். அதற்குப் பிறகு நடப்பதில்தான் தவறு. பல மணி நேரம் பையில் வந்த மீனின் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட மூச்சால் பிஎச் இறங்கியிருப்பதால் அது பெரிதாகப் பாதிக்காது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா நச்சாகும். ஆகவே நெடுந்தூரப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடாதீர்கள். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றி, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பக்கத்திலிருந்து அரைமணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து பழக்கும் வழக்கமான முறையே போதும்.

பிடிக்கும்போது வலையால் துரத்தாதீர்கள். பெரிய மிருதுவான வலையை ஒரு பக்கம் அசையாமல் பிடித்து, மீனை அதற்குள் ஓட்டுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கூட்டமாகப் போனால் மிரட்சி குறையும்.

9. சாப்பாடு

ரெயின்போவின் வாய் பெரிதாகத் திறந்தாலும் தொண்டை குறுகல். பெரிய பெல்லட்டை வாயில் கவ்வி, மென்று பார்த்துத் துப்பும். வளர்ந்த மீனுக்கும் 1 மி.மீ. அளவுத் தீனியே போதும். ஸ்பைருலினா பாசி கலந்த தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை உறைந்த டாஃப்னியா, ஆர்ட்டீமியா (இரண்டும் மிகச் சிறிய நீர்வாழ் உயிர்கள்) கொடுங்கள். இரத்தப்புழு எப்போதாவது போதும்.

நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிடத்தில் தீரும் அளவு. முழு வயிற்றிலும் இவை கண்ணாடிக்கு வந்து கெஞ்சும், அதை நம்பாதீர்கள். அதிகம் தின்ற மீன் கொழுத்துச் சோம்பிவிடும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. குட்டிகளுக்கு இது வேண்டாம்.

10. வாராந்தர வேலை

வாரம் ஒருமுறை 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதிய தண்ணீர் குளோரின் நீக்கியதாக, ஏறக்குறைய அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் 30 பிபிஎம்மைத் தாண்டினால் அளவைக் கூட்டுங்கள், அல்லது தீனியைக் குறையுங்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முதலில் அணையுங்கள். காற்றில் சூடான ஹீட்டர் தண்ணீர் பட்டு வெடிக்கலாம்.

11. குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு நோய்கள்

உடம்பிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளி என்றால் வெண்புள்ளி நோய். வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றலாம். ஒட்டுண்ணி மீனை விட்டு நீந்தும் பருவத்தில் மட்டுமே சாகும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள்.

வாய் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு, முதுகில் சேணம் போல் சாம்பல் பட்டை என்றால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இதற்கு வெப்பத்தை ஏற்றினால் நோய்தான் வேகமாகும், ஓரிரு நாளில் மீன் போய்விடும். 24 டிகிரிக்கு இறக்கி, தண்ணீர் மாற்றி, மீன் நோய் தெரிந்த மருத்துவரிடம் பாக்டீரியா மருந்து கேளுங்கள். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஹீட்டரை ஏற்றும் பழக்கம்தான் இங்கே ஆபத்து.

நன்றாகத் தின்றும் மெலிந்து, முதுகு வளைந்து, புண்கள் வந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். நம்பகமான மருந்து இல்லை. இந்தக் கிருமி மனிதர் கைக்காயத்தின் வழியாகத் தோலிலும் புண் உண்டாக்கும். கையில் வெட்டு இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

12. முட்டையும் குஞ்சும்

ஒரே இனம், ஆணும் பெண்ணும் நலமாக இருந்தால் தினமும் சில முட்டைகளாவது இடும். செயற்கைக் கம்பளி நூலை ஒரு கொத்தாகக் கட்டித் தொட்டியில் மிதக்கவிடுங்கள், ஜாவா பாசியும் ஆகும். ஏறக்குறைய 1 மி.மீ. விட்டத்தில், மெல்லிய ஒட்டு நூலோடு, கண்ணாடி மணி போல முட்டைகள் தொங்கும். விரலால் தொட்டு எடுக்கலாம், சட்டென்று உடையாது. வெள்ளையாக மாறியதை எடுத்து எறியுங்கள். பூஞ்சை அடுத்ததற்குப் பரவும்.

மற்ற முட்டைகளை அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய பெட்டியில், மெல்லிய காற்றுக்குமிழோடு வையுங்கள். 26 டிகிரியில் 7 முதல் 10 நாளில் பொரியும். குஞ்சுகள் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும், வாய் மிக நுண்ணியது. ஆர்ட்டீமியா குஞ்சைக்கூட முதலில் விழுங்க முடியாது. அதனால் முட்டை எடுத்த அன்றே இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்) வளர்க்கத் தொடங்க வேண்டும். பொரிந்த பிறகு தொடங்கினால் உணவு தயாராவதற்குள் குஞ்சுகள் பட்டினியால் போய்விடும். ஒன்றரை வாரம் கழித்து ஆர்ட்டீமியா குஞ்சுக்கு மாறுங்கள். ஆரஞ்சு வயிறு தெரிந்தால் தின்கிறது என்று பொருள்.

முன்னே பின்னே பொரிந்த குஞ்சுகளை ஒன்றாக வைத்தால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். வாரத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்து, தேதியையும் இனத்தின் பெயரையும் மூடியில் எழுதி வையுங்கள். இரண்டு இனம் சேர்ந்திருந்த தொட்டியின் முட்டை என்றால் குஞ்சு கலப்பாக இருக்கலாம். அதை எந்த இனப் பெயரிலும் யாருக்கும் கொடுக்காதீர்கள், குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள்.